புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையினருக்கு ஒரு தொழில்முறைக் குழுமம்: கேள்வி பதில்

கேள்வி (சூரிய மின்நிலைய வடிவமைப்பாளர்): சூரிய மின்சாரம், காற்றாலை, மின்கலச் சேமிப்பு ஆகிய துறைகளில் பணிபுரிவோருக்காக ஒரு தொழில்முறைக் குழுமம் தொடங்க விரும்புகிறோம். எல்லோரையும் ஒன்றாகச் சேர்க்கலாமா, துறைவாரியாகப் பிரிக்கலாமா?

பதில்: தொடக்கத்தில் பிரிக்க வேண்டாம், எல்லாத் துறையினரையும் ஒருசேரப் பாதிக்கும் ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்து, அதைச் சுற்றி ஆட்களைச் சேருங்கள். மின்தொகுப்பு, அதாவது மின்நிலையங்களையும் நுகர்வோரையும் இணைக்கும் மின்வழி வலையமைப்பு; அதனுடனான இணைப்பு அத்தகைய சிக்கல். தொகுப்பு தாங்காத நேரத்தில் உற்பத்தியைக் குறைக்குமாறு உத்தரவு வந்தால், சூரியத் தகடு நிறுவியவருக்கும் காற்றாலை நடத்துபவருக்கும் இழப்பு ஏற்படுகிறது. அந்த உபரி மின்சாரத்தைச் சேமிக்கக்கூடியவரும், தொகுப்பை இயக்கும் பொறியாளரும், திட்டத்துக்குக் கடன் கொடுத்த வங்கியாளரும் அதே பேச்சில் பங்கு உள்ளவர்களே. அன்றாடப் பணியில் இவர்கள் கடிதங்கள் வழியாக மட்டுமே ஒருவரையொருவர் அறிவார்கள். அவர்களை நேரில் பேசவைப்பதே குழுமத்தின் முதல் பயன். தனிப்பிரிவுகளைத் தேவை ஏற்படும்போது அமைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (காற்றாலைப் பராமரிப்பு மேற்பார்வையாளர்): எங்கள் கூட்டங்களில் எல்லோரும் முடித்த திட்டங்களின் பெருமையையே பேசுகிறார்கள். பழுதுகளைப் பற்றிக் கேட்டால், ஒப்பந்த இரகசியம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஒரு குழுமம் நிலைப்பதும் கலைவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது என்பது என் உறுதியான கருத்து. டென்மார்க்கில் 1978-இல் காற்றாலை உரிமையாளர்கள் சங்கம் அமைத்தபோது, எந்த வகை இயந்திரம் எவ்வளவு மின்சாரம் தந்தது, எதில் என்ன பழுது நேர்ந்தது என்பவற்றை உறுப்பினர்களிடமிருந்து திரட்டித் தங்கள் இதழிலேயே வெளியிட்டார்கள். வாங்குபவர்களுக்கு நம்பகமான ஒப்பீடு கிடைத்தது. தயாரிப்பாளர்களும் குறைகளைக் களையாமல் இருக்க முடியவில்லை.

ஒப்பந்தங்கள் பொதுவாக மறைக்கச் சொல்பவை விலை, வாடிக்கையாளர் பெயர், திட்டத்தின் உற்பத்தித் தரவுகள் போன்றவை. பழுது ஏற்பட்ட விதத்தை, இவற்றை நீக்கிவிட்டு, பல நேரங்களில் சொல்ல இயலும். ஐயமிருந்தால் நிறுவனத்தின் சட்டப் பிரிவைக் கேட்டுக்கொள்ளலாம். ஓர் எடுத்துக்காட்டு: சூரியத் தகடுகளின் கம்பிகளை இணைக்கும் கனெக்டர்களில், வெவ்வேறு தயாரிப்பாளர்களுடைய ஆண், பெண் முனைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திவிடுவதால் பணியாளர்கள் அவற்றை அப்படியே மாட்டிவிடுகிறார்கள், அளவிலும் உலோகப் பூச்சிலும் உள்ள சிறு வேறுபாட்டால் தொடுமுனையில் மின்தடை கூடி, சூடேறி, பிளாஸ்டிக் உறை உருகி, சில இடங்களில் தீப்பிடிக்கவும் செய்கிறது. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 62548 என்னும் தரநிலை, ஒரே தயாரிப்பாளரின் ஒரே வகை முனைகளையே இணைக்க வேண்டும் என்கிறது. இதை விளக்க நிறுவனத்தின் பெயரோ இடத்தின் பெயரோ தேவையில்லை. உருகிய முனையின் ஒரு படமும் அரைப்பக்கக் குறிப்பும் போதும். கூட்டத்துக்கு, லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்னும் பன்னாட்டு விவகார ஆய்வு நிறுவனம் 1927-இல் வகுத்த விதியைப் பின்பற்றுங்கள்: கேட்ட செய்தியைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்பதை வெளியிடக் கூடாது.

கேள்வி (ஒருங்கிணைப்பாளர்): விற்பனைப் பிரதிநிதிகள் விளம்பரங்களாகவே போடுகிறார்கள். அவர்களை நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க வேண்டாம், இன்வெர்ட்டரின் உள்ளமைப்பை அவர்களைவிட நன்கறிந்தவர்கள் குறைவு. விளம்பரத்துக்கு மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி, மற்ற நாள்களில் கேட்ட கேள்விக்கு மட்டும் விடையளிக்கச் சொல்லுங்கள். நன்கொடை அளிக்கும் நிறுவனம் பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

கேள்வி (திட்ட மேலாளர்): எங்கள் துறையில் பெண்கள் பணிபுரிகிறார்கள்; ஆனால் கூட்டங்களுக்குப் பெண்களாகிய நாங்கள் மிகக் குறைவாகவே வருகிறோம். இதற்கு என்ன காரணம்?

பதில்: சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்துறைப் பணியாளர்களில் பெண்கள் 32 விழுக்காடு, எண்ணெய், எரிவாயுத் துறையில் 22 விழுக்காடு. எனவே ஆட்கள் இல்லை என்று ஒருங்கிணைப்பாளர்கள் சொல்ல முடியாது. இரவு நேரக் கூட்டங்கள், முன்பே ஒருவரையொருவர் அறிந்தவர்களே பேசிக்கொள்ளும் வழக்கம், பெண்களை வரவேற்புரைக்கு மட்டும் அழைப்பது ஆகியவையே தடைகள் என்று நான் கருதுகிறேன். கூட்டத்தைப் பணி நேரத்துக்குள் வைக்கவும், தொழில்நுட்ப அமர்வுகளின் தலைமையைப் பெண் பொறியாளர்களிடம் ஒப்படைக்கவும் வலியுறுத்துங்கள்.

கேள்வி (பொறியியல் மாணவர்): ஐயா, அனுபவம் இல்லாத நான் அத்தகைய குழுமத்துக்கு என்ன தர முடியும்?

பதில்: கூட்டக் குறிப்பை எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேசப்பட்ட பழுதை அரைப்பக்கத்தில் சுருக்கும்போது புரியாத இடங்கள் வெளிப்படும். அவற்றைப் பேசியவரிடமே கேட்டால், நேரம் ஒதுக்கி விளக்குவார். அத்துடன், பிவிலிப் (pvlib) என்னும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டு ஒரு சூரிய மின்நிலையத்தின் எதிர்பார்க்கப்படும் உற்பத்தியைக் கணக்கிடக் கற்றுக்கொள்ளுங்கள். மூத்த பொறியாளர் ஒருவர் தம் நிலையம் ஏன் குறைவாக உற்பத்தி செய்கிறது என்று கேட்கும் நாளில், அந்தக் கணக்கோடு அவரிடம் செல்லுங்கள்.