படபடக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. எங்கே?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து 41 வயதுத் தையல் தொழிலாளி ஒருவர் எழுதியிருக்கிறார். எட்டு மாதங்களாக வாரத்துக்கு ஓரிரு முறை, உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு திடீரென்று வேகமாக அடிக்கத் தொடங்குகிறது. கழுத்து வரை துடிப்பு தெரிகிறது. பதினைந்து, இருபது நிமிடங்களில் சட்டென்று நின்றுவிடுகிறது. அதன்பின் சிறுநீர் அதிகமாகப் போகிறது. இரண்டு முறை எடுத்த ஈ.சி.ஜி.யும், ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோவும் சரியாக இருந்ததால், "மனப் பதற்றம்தான்" என்று தூக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிறகு ஒரு முகாமில் சந்தித்த முகவர், உடனே ஆஞ்சியோகிராம் செய்யாவிட்டால் ஆபத்து என்று சொல்லி 3,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். செய்துகொள்ளலாமா என்று கேட்கிறார்.

அம்மா, இப்போது வேண்டாம். ஆஞ்சியோகிராம் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்கானது. நடந்தால் நெஞ்சு வலிப்பதாகவோ மூச்சு வாங்குவதாகவோ நீங்கள் எழுதவில்லை. உங்கள் தொல்லை இதயத்துக்குள் ஓடும் மின்தூண்டலில் இருப்பதாகத் தோன்றுகிறது; குழாயைப் படம் பிடித்தால் அது தெரியாது. முகாமில் ஆள் சேர்த்து, ஒவ்வொரு தலைக்கும் தரகுத்தொகை வாங்கும் முகவர் உங்கள் நாடியைக்கூடத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார். அச்சத்தில் இருக்கும் பெண்ணிடம் கெடு வைத்துப் பணம் பறிக்கும் இந்த வழக்கத்தை மருத்துவமனைகள் நினைத்தால் ஒரே நாளில் நிறுத்தலாம், ஆனால் நிறுத்துவதில்லை.

ஈ.சி.ஜி. இயந்திரம் உங்கள் இதயத்தை ஏறத்தாழ பத்து விநாடிகள் மட்டுமே பார்க்கிறது. படபடப்பு அடங்கிய பிறகு எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தால், அந்தப் பத்து விநாடிகள் சரியாக இருந்தன என்பதே அதன் பொருள். நீங்கள் எழுதிய மூன்று அடையாளங்கள், அதாவது விளக்குப் போட்டதுபோல் தொடங்கி அணைத்ததுபோல் முடிவது, கழுத்தில் துடிப்பது, பின்னர் சிறுநீர் அதிகமாகப் போவது ஆகியவை, இதயத்தின் மேற்பகுதியில் மின்தூண்டல் ஒரே வட்டத்தில் சுழல்வதால் வரும் மிகைத் துடிப்பை நினைவூட்டுகின்றன. அதில் நாடி நிமிடத்துக்கு 150 முதல் 250 வரை போகலாம். பதற்றத்தால் வருவது பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இந்த நோய் உள்ள பெண்களுக்குப் 'பதற்றம்' என்று பெயர் சூட்டிப் பல ஆண்டுகள் வீணாக்குவதை நான் இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே படபடப்பு வரும் வேளையிலேயே அதைப் பிடிக்க வேண்டும். நாடியை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கி, தேதியோடும் நேரத்தோடும் குறித்துக்கொள்ளுங்கள். துடிப்பு சீராக இருக்கிறதா, தாறுமாறாக இருக்கிறதா என்று விரலால் மேசையில் தட்டிக் காட்டப் பழகுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் வீட்டார் துணையுடன் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் ஊசி போட்டுத் துடிப்பை அடக்கி, அடக்குவதற்கு முன் எடுத்த தாளைக் கொடுக்காமலேயே அனுப்பிவிடுவது நம் ஊர்களில் சாதாரணம். அந்தத் தாளே உங்கள் நோயின் ஒரே சாட்சி என்பதால் கேட்டு வாங்குங்கள். அது வெப்பத்தால் அச்சாகும் தாள், நாளடைவில் மங்கிவிடும். அன்றே நகல் எடுத்து, கைப்பேசியிலும் படம் பிடித்து வையுங்கள். 24 மணி நேரம் உடலில் மாட்டி இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி, வாரத்துக்கு ஓரிரு முறை மட்டுமே வரும் உங்கள் படபடப்பைத் தவறவிடக்கூடும். ஒரு வாரமாவது உடலில் ஒட்டியிருக்கும் பதிவுக் கருவி கிடைக்குமா என்று கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே, இயல்பான மின்பாதையைத் தவிர இன்னொரு குறுக்குப் பாதையுடன் சிலர் பிறக்கிறார்கள். வுல்ஃப், பார்க்கின்சன், வைட் என்ற மூவர் 1930இல் விவரித்த இந்த நிலையில், படபடப்பு இல்லாத நேரத்து ஈ.சி.ஜி.யிலேயே தடயம் இருக்கலாம்: மேலறைத் துடிப்புக்கும் கீழறைத் துடிப்புக்கும் இடைப்பட்ட நேரம் குறுகி, கோடு செங்குத்தாக ஏறாமல் தொடக்கத்தில் சற்றே சரிந்து ஏறும். இயந்திரம் தாளின் மேல் அச்சிடும் 'நார்மல்' என்ற சொல்லை நம்பிக் கையெழுத்திட்டால் இது கண்ணில் படாது. இவர்களில் சிலருக்கு, படபடப்புக்கு வழக்கமாகக் கொடுக்கும் சில மருந்துகள் ஆபத்தாக முடியலாம் என்பதால், உங்களிடம் உள்ள இரண்டு பழைய ஈ.சி.ஜி.களையும் இதய மருத்துவர் தம் கண்ணாலேயே படிக்க வேண்டும்.

ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம் ஆகிய இரத்தச் சோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. நெஞ்சைப் படபடக்க வைக்கச் சோகை ஒன்றே போதும். மூக்கடைப்புக்கு வாங்கும் மாத்திரைகளும், ஆஸ்துமா இன்ஹேலரும், அளவு மீறிய காப்பியும் படபடப்பைத் தூண்டலாம். மருந்துக் கடைக்காரர் தரும் படபடப்பு மாத்திரையை வாங்காதீர்கள். அவற்றில் சில ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சை அடைத்துவிடும்.

மருத்துவர் உறுதி செய்தபின், ஒரு எளிய முறையை அவரிடமே கற்றுக்கொள்ளலாம். சாய்ந்து உட்கார்ந்து 10 மில்லி சிரிஞ்சின் தண்டு அசையும் அளவுக்கு 15 விநாடிகள் ஊதிவிட்டு, உடனே மல்லாந்து படுக்க, வேறொருவர் கால்களை 15 விநாடிகள் தூக்கிப் பிடிப்பார். 2015இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் நூற்றுக்கு 43 பேருக்கு இதனால் துடிப்பு அடங்கியது. படுக்காமல் ஊதியவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குத்தான் அடங்கியது. மீண்டும் மீண்டும் வந்தால், கோளாறான பாதையைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியே சுட்டு நீக்கும் சிகிச்சை உண்டு. இந்த வகையில் பெரும்பாலோருக்கு அதுவே நிரந்தரத் தீர்வு.

படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். முகவரிடம் கொடுத்த 3,000 ரூபாயை, ரசீதைக் காட்டி இந்த வாரமே திருப்பிக் கேளுங்கள்.