ஒரே இரவில் அடைத்துப்போன காது: பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 47. செம்பனை ஆலையில் வேலை. இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததுமே இடது காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றார். போனை அந்தக் காதில் வைத்தால் பேச்சு கேட்கவில்லையாம், ஒரு இரைச்சல் மட்டும் இருக்கிறதாம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. டவுன் கிளினிக்கில் காட்டினோம். காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, குறும்பி ஒன்றும் இல்லை, சளியால் அடைத்திருக்கும், இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள் என்று மாத்திரை கொடுத்தார்கள். அத்தை பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றலாம் என்கிறார். இன்றோடு ஆறு நாள். இவரோ, "இன்னொரு காது நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார். பொறுத்துப் பார்க்கலாமா?
பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே போனில் உங்களைக் கூப்பிட்டு, "இன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்" என்று சொன்னேன். பத்திரிகை அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை இது. நீங்களும் தட்டாமல் அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். ஈப்போவில் காது, மூக்கு, தொண்டை டாக்டர் பார்த்து மருந்து தொடங்கிவிட்டார் என்று செய்தி அனுப்பியிருந்தீர்கள். அதோடு, ஒரே வேளையில் 12 மாத்திரை விழுங்கச் சொல்கிறார்களே, ஸ்டீராய்டாமே, இனிப்பு நீர் ஏறிவிடாதா, பாதியாகக் குறைத்துக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்பு, இதே நிலைமையில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காக, ஏன் உங்களை அப்படி விரட்டினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கடிதத்தில் என்னை உலுக்கிய வரி, "குறும்பி ஒன்றும் இல்லை" என்பதுதான். காது கேட்காமல் போவதில் இரண்டு வகை உண்டு. குறும்பி அடைத்தாலோ, செவிப்பறைக்குப் பின்னால் சளிநீர் தேங்கினாலோ, சத்தம் உள்ளே போகும் வழி மட்டும்தான் அடைபட்டிருக்கிறது. வழியைச் சரிசெய்தால் காது கேட்கும், நாலு நாள் தாமதமானாலும் பெரிதாகக் கெட்டுப்போவதில்லை. இன்னொரு வகையில் வழி சுத்தமாக இருக்கும், உள்காதும் நரம்பும்தான் பாதிக்கப்பட்டிருக்கும். உள்காதில் ஒலியை வாங்கி நரம்புக்குக் கொடுக்கிற நுண்ணிய செல்கள் இருக்கின்றன. அவை செத்துப்போனால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. நோயாளிக்கு இரண்டு வகையும் ஒரே மாதிரிதான் தோன்றும்: அடைப்பு, இரைச்சல், சிலருக்குத் தலைசுற்றல். வெளியிலிருந்து விளக்கு அடித்துப் பார்க்கும் டாக்டருக்கும் நரம்பு தெரியாது. ஆனால் காதுக்குள் எல்லாம் சுத்தமாக இருந்தும் காது கேட்கவில்லை என்றால், அங்கேதான் சந்தேகம் வர வேண்டும். மூன்று நாளுக்குள், அதுவும் பெரும்பாலும் ஒரு காது மட்டும், இப்படி நரம்பு வகையில் கேட்காமல் போவதைத் திடீர் செவித்திறன் இழப்பு என்கிறார்கள். நிறைய பேர் காலையில் எழும்போதோ, போனை அந்தக் காதில் வைக்கும்போதோதான் முதலில் கவனிக்கிறார்கள். உங்கள் வீட்டில் நடந்ததும் அதேதான்.

இதற்கு நாள் கணக்கு உண்டு. முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு. அதிலும் முதல் சில நாட்களே மேல். அந்த இரண்டு வாரத்தைத்தான் உங்களைப் பொறுத்திருக்கச் சொன்னார்கள்! அந்தக் கிளினிக்கோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. சளி அடைப்போடு ஒரு நாளைக்கு எத்தனையோ பேர் வருகிற இடத்தில் இதுவும் அதுபோலத்தான் தெரியும். இது அப்படி அடிக்கடி வருகிற நோயும் இல்லை. அமெரிக்கக் கணக்குப்படி ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 5 முதல் 27 பேருக்கு வருகிறது. நாம்தான் விடாமல் கேட்க வேண்டும்.

நான் தாதியாக வேலை பார்த்த வருஷங்களில், இரண்டு மூன்று மாதம் கழித்து வந்து, "அப்பவே வந்திருக்கலாமா?" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கண் ஒன்று காலையில் தெரியாமல் போயிருந்தால் யாராவது சளி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்களா? காது வலிக்காது, ரத்தம் வராது, மற்ற காது வேலை செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் பதற்றம் வருவதில்லை. உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான், "இன்னொரு காது நல்லாத்தானே இருக்கு", எத்தனையோ பேருடைய காதைத் தின்றிருக்கிறது.

"தானா சரியாயிடும்" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதாகவும் நினைக்காதீர்கள். பாதிப் பேருக்கு ஓரளவோ முழுவதுமோ தானாகவே திரும்புவது உண்டு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். அதனால் யாரைக் கேட்டாலும், "என் மச்சானுக்கும் இப்படித்தான் ஆச்சு, சரியாப் போச்சு" என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். ஆனால் நம் வீட்டு ஆள் எந்தப் பாதியில் இருக்கிறார் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. காது மிக மோசமாகக் கேட்காமல் போனவர்களுக்கும், கூடவே தலைசுற்றல் இருப்பவர்களுக்கும், வயதானவர்களுக்கும் திரும்புவது குறைவு.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று நீட்டி முனகச் சொல்லுங்கள். அந்தச் சத்தம் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் வழி அடைப்பாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் போய் நின்றால் நரம்பைச் சந்தேகிக்கலாம். டாக்டர்கள் இதையே இசைக்கவை என்னும் கருவியை நெற்றியில் வைத்துப் பார்ப்பார்கள். ஆனால் முனகிப் பார்த்துவிட்டு அடைப்புதான் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். முடிவு சொல்வது கேட்கும் திறன் சோதனை மட்டுமே. சத்தம் புகாத சின்ன அறையில் ஹெட்போன் மாட்டி உட்கார வைப்பார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். வலி கிடையாது.

பூண்டு எண்ணெய் வேண்டாம். அத்தையின் அக்கறை புரிகிறது, ஆனால் சூடான எண்ணெய் காதைச் சுட்டுவிடும், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் உள்ளே இறங்கிவிடும். கோழி இறகு, கொண்டை ஊசி, பஞ்சுக் குச்சி எதுவும் உள்ளே போகக் கூடாது. அத்தைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டுமென்றால், வேளாவேளைக்கு இனிப்பு நீர் அளவைப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இப்போது அதுதான் ரொம்ப உதவி.

தோட்டத்திலிருந்து எங்கே போவது? தனியார் காது நிபுணரிடம் போகக் காசு இருந்தால் அங்கே போகலாம். இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. சுங்கை சிப்புட்காரர்களுக்கு ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனூன் மருத்துவமனை அரை மணி நேரத் தூரம்தான். சிக்கல் தூரத்தில் இல்லை, கவுண்டரில் சொல்கிற விதத்தில் இருக்கிறது. "காது அடைப்பு" என்று சொன்னால் சளிக்காரர்களோடு வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். மலாயில், "தெலிங்கா கிரி தீபா-தீபா தாக் டெங்கார், சூடா எனாம் ஹாரி" என்று சொல்லுங்கள். இடது காது திடீரென்று கேட்காமல் போய் ஆறு நாள் ஆகிறது என்று நாளோடு சேர்த்துச் சொல்லிவிட்டால், புரிந்துகொள்கிற டாக்டர் உடனே எழுந்திருப்பார். பரிந்துரைக் கடிதத்திலும் 'திடீர்' என்பதும் எத்தனை நாள் என்பதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் வாருங்கள் என்று தேதி கொடுத்தால் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அன்று கடமையில் இருக்கும் காது டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்க முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். நாம் கேட்பதில் தப்பே இல்லை.

முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குளறுவது, கை கால் ஒரு பக்கம் துவளுவது, எழுந்து நிற்கவே முடியாத தலைசுற்றல், இவற்றில் ஏதாவது காதோடு சேர்ந்து வந்தால் பக்கவாதமாக இருக்கலாம். அப்போது எந்த கிளினிக்கும் வேண்டாம், 999-க்குக் கூப்பிடுங்கள்.

சரி, அந்த 12 மாத்திரைக்கு வருவோம். அது பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு. ஒரு கிலோ எடைக்கு 1 மில்லிகிராம், அதிகபட்சம் நாளுக்கு 60 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. மாத்திரை ஒன்று 5 மில்லிகிராம் என்பதால்தான் 12. உள்ளங்கை நிறைய வெள்ளை மாத்திரையைப் பார்த்தால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் பாதி கொடுத்தால் பாதிப் பலனாவது கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். இந்த நோய்க்குக் குறைந்த அளவு போதாது. காலையில் பசியாறிய பிறகு ஒரே வேளையாகக் கொடுங்கள். ஒன்று முதல் இரண்டு வாரம் முழு அளவு, பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்தபடி படிப்படியாகக் குறைப்பார்கள். காது கேட்க ஆரம்பித்துவிட்டது என்று நடுவில் நீங்களாக நிறுத்தவும் கூடாது.

இனிப்பு நீர் ஏறும், அது உண்மை. காலையில் மாத்திரை போட்டால் வெறும் வயிற்றில் எடுக்கிற அளவு சுமாராக இருந்து, மத்தியானத்துக்கு மேலும் ராத்திரியும் எகிறும். அதனால் காலையில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், சாயங்காலமும் பாருங்கள். அளவு அதிகமாகப் போனால் இனிப்பு நீர் டாக்டரிடம் காட்டினால் அந்த இரண்டு மூன்று வாரத்துக்கு மருந்தைக் கூட்டிக் கொடுப்பார். தூக்கம் கெடலாம், நெஞ்செரிச்சல் வரலாம், சிடுசிடுப்பு வரலாம். மலம் கறுப்பாகப் போனால் உடனே டாக்டரிடம் போங்கள்.

சர்க்கரை கட்டுக்கு அடங்கவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. செவிப்பறையை மரத்துப்போக வைத்து, மெல்லிய ஊசியால் ஸ்டீராய்டை நேராக நடுக்காதுக்குள் போடுவார்கள். மருந்து பெரும்பாலும் காதிலேயே நிற்பதால் இனிப்பு நீரை அவ்வளவாகத் தொடுவதில்லை. போடும்போது ஒரு நிமிஷம் தலை சுற்றும், அவ்வளவுதான். மாத்திரையில் பலன் இல்லாதவர்களுக்கும் இதையே அடுத்ததாகச் செய்வார்கள். நோய் தொடங்கி 6 வாரம் வரைகூட முயற்சி செய்கிறார்கள். ஆகவே இரண்டு வாரம் தாண்டிவிட்டதே என்று இதைப் படிக்கிற யாரும் கைவிட்டுவிடாதீர்கள், நாளைக்கே போங்கள். அழுத்தம் கூடிய அறையில் பிராணவாயு கொடுக்கும் சிகிச்சையையும் சில டாக்டர்கள் ஸ்டீராய்டோடு சேர்த்துப் பரிந்துரைப்பார்கள். நம் பேராவிலேயே லூமுட் ஆயுதப்படை மருத்துவமனையில் அந்த வசதி உண்டு.

மருந்து சாப்பிட்டால் கட்டாயம் குணமாகும் என்று எந்த டாக்டரும் கையடித்துச் சொல்லமாட்டார், நானும் சொல்லவில்லை. இப்போது கையில் இருக்கிற நல்ல வாய்ப்பு இதுதான். ஏன் வந்தது என்பதற்கும் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கிடைப்பதில்லை. வைரஸ், உள்காதுக்குப் போகும் ரத்த ஓட்டத்தில் தடை என்றெல்லாம் சந்தேகப்படுகிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் பயப்படாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். மிகச் சிலருக்குக் காது நரம்பில் புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி இருக்கும், அது இல்லை என்று உறுதிப்படுத்தவே அந்தப் படம். உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ இது தொற்றாது.

கடைசியாக ஆலை. இயந்திரச் சத்தத்தால் வந்திருக்குமோ என்று நீங்கள் நினைக்கலாம். ஆலைச் சத்தம் பொதுவாக இரண்டு காதையும் வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்க்கும், ஒரே ராத்திரியில் ஒரு காதை மட்டும் அடைக்காது. ஆனால் ஆலையில் ஒரு புதையல் இருக்கலாம். 2019-ஆம் ஆண்டு சத்த விதிமுறைப்படி, நாளுக்கு 85 டெசிபலுக்கு மேல் சத்தத்தில் வேலை செய்பவர்களுக்கு ஆண்டுதோறும் கேட்கும் திறன் சோதனை செய்ய வேண்டும். உங்கள் வீட்டுக்காரருக்கும் செய்திருப்பார்கள். அந்தப் பழைய தாளை அலுவலகத்தில் கிராணியிடம் கேட்டு வாங்கி, அடுத்த தடவை ஈப்போவுக்குக் கொண்டுபோங்கள். இடது காது முன்பு எவ்வளவு கேட்டது என்று டாக்டருக்குத் தெளிவாகத் தெரியும். காது தேறும்வரை எம்.சி. (மருத்துவ விடுப்பு) கேளுங்கள். வேலைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் பாய்லர், இன்ஜின் பக்கம் இல்லாத வேலைக்கு மாற்றச் சொல்லி டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். தோட்டத்து ரோட்டில் மோட்டார் சைக்கிளையும் கொஞ்ச நாள் அவர் ஓட்ட வேண்டாம். ஒரு காதோடு, குலை ஏற்றிய லோரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது. மருந்து முடிந்ததும் ஒரு சோதனை, ஆறு மாதத்துக்குள் இன்னொரு சோதனை. கேட்பது முழுதாகத் திரும்பாவிட்டால் காது கேட்கும் கருவியைப் பற்றி அன்றைக்கே அங்கேயே கேளுங்கள்.