இறைச்சிக்குப் பதிலாகப் பூச்சிகளைச் சாப்பிடலாமா? நம் ஊரில் யாராவது சாப்பிட்டிருக்கிறீர்களா?

நான் சாப்பிட்டிருக்கிறேன். ஈசல். கேள்வியின் கீழே "நினைத்தாலே குமட்டுகிறது" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். ட்யூப்லைட்டைச் சுற்றிச் செத்து விழும் ஈசலை மட்டும் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். அதனால் உங்கள் மேல் கோபமில்லை.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். மானாவாரிக் காடு, ஆடு மாடு. ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்து வெறித்தால் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) போய்ப் புற்றைப் பார்த்துவிட்டு வருவார். சாமி கும்பிடுகிற புற்றைத் தொட மாட்டோம், காட்டோரப் புற்றுதான். பொழுது இறங்கியதும் புற்றுக்குப் பக்கத்தில் சின்னக் குழி பறித்து உள்ளே விளக்கை வைப்போம். வெளிச்சத்துக்கு வரும் ஈசல் குழிக்குள் விழும். அள்ளிப் போசியில் போடுவது என் வேலை. மறுநாள் வெயிலில் காயவைத்து முறத்தில் புடைத்தால் இறகெல்லாம் பறந்துவிடும். வெறும் சட்டியில் வறுத்தால் போதும், அதுவே எண்ணெய் விடும். வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துக் கலந்தால் வறுத்த நிலக்கடலையைவிட ருசி. ஒரு கைப்பிடிக்கு மேல் கேட்டால் வயிற்றால் போகும் என்று தர மாட்டார்.

2003இல் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். அம்மிச்சி ஒரு தூக்குப்போசி நிறையக் கொடுத்தனுப்பினார். அறையில் பிரித்ததும் ஒருத்தி கத்தி, வார்டன் வந்து, எல்லோர் முன்னாலும் குப்பையில் கொட்டினார். "காட்டுமிராண்டிகளா நீங்கள்?" என்று கேட்டார். மூன்று வருடமும் எனக்கு 'ஈசல்' என்றுதான் பெயர். அம்மிச்சியிடம் எல்லோரும் விரும்பிச் சாப்பிட்டார்கள் என்று பொய் சொன்னேன். அடுத்த வருடமும் வறுத்து வைத்துக் காத்திருந்தார். நான் வாங்கி வரவில்லை.

  

"கொங்கு நாட்டில் யாரும் இதையெல்லாம் சாப்பிட மாட்டார்கள்" என்று யாராவது வருவீர்கள். உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம், எங்கள் வீட்டில் இருந்தது. பாரியின் நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டிலேயே (119) செம்புற்று ஈயலைப் புளித்த மோரில் சமைத்தது வருகிறது.

சரி, இறைச்சிக்கு மாற்றாகுமா? ஈசல் ஆகாது. வருடத்தில் இரண்டு மூன்று இரவுதான் கிடைக்கும், அது தின்பண்டம். மாற்று என்று உலகத்தில் பேசுவது பண்ணையில் வளர்க்கும் பூச்சிகளை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2013 அறிக்கைப்படி சுமார் 200 கோடிப் பேரின் உணவில் பூச்சி உண்டு, உண்ணத்தக்கவை 1,900 வகைக்கு மேல். வெட்டுக்கிளிக்கு உறவான சில்வண்டு ஒரு கிலோ எடை கூட 2 கிலோ தீவனம் போதும் என்கிறது அது. மாட்டுக்கு இதைப்போல் பல மடங்கு வேண்டும். கொரியாவில் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவை அவித்துத் தெருவில் விற்கிறார்கள். நம் கோபிசெட்டிபாளையம் பக்கமும் பட்டு நூற்கிறார்கள். நூல் எடுத்த பிறகு மிஞ்சும் புழுவை நாம் யாரும் உணவாகவே நினைப்பதில்லை.

யாராவது கொடுத்தால் ஒரு கைப்பிடி சாப்பிட்டுப் பாருங்கள். இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்றால் மட்டும் வேண்டாம், பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மருந்தடிக்கிற தோட்டத்தில் பிடித்ததென்றாலும் வாங்காதீர்கள்.