மர கவுண்ட்டர் மேல கிரானைட்: ஸ்க்ரூவா, சிமெண்ட்டா?

கேள்வி: மொட்டை மாடில நானே மரத்துல ஒரு பார் கவுண்ட்டர் செஞ்சிருக்கேன், 6 அடிக்கு 2 அடி. மேல கல்லு போடணும். கடைக்காரர் ஓட்டை போட்டு ஸ்க்ரூ அடிச்சிடலாம்ங்கிறார், மேஸ்திரி சிமெண்ட் கலவை வைக்கலாம்ங்கிறார். எது சரி? கடப்பா கல்லு விலை கம்மியா இருக்கே, அதையே போட்டுக்கலாமா?

பதில்: ரெண்டுமே வேணாம்ங்க. மரம் மழைக்காலத்துல உப்பும், வெயில்ல சுருங்கும், கல்லு அப்படியே இருக்கும். ஸ்க்ரூ போட்டு இறுக்கினா மரம் அசையுறப்போ அந்த ஓட்டைகிட்டதான் கல்லு முதல்ல விரிசல் விடும். சிமெண்ட் கலவை மரத்துல சரியா பிடிக்கவே பிடிக்காது, கொஞ்ச நாள்ல பெயர்ந்துடும்.

20 எம்எம் கிரானைட் ஒரு சதுர அடிக்கு 5 கிலோ வரும், உங்க அளவுக்கு 60 கிலோ, அந்த எடையே கல்லை பிடிச்சுக்கும், ஓரத்துல யாராவது சாஞ்சா நகராம இருக்க சிலிக்கான் சீலண்ட் போதும். ஆனா வாங்குறப்போ ட்யூப்ல நியூட்ரல்னு போட்டிருக்கான்னு பாருங்க. விலை கம்மின்னு கடைல எடுத்துக் கொடுக்கிறது பெரும்பாலும் அசிட்டிக் வகை, வினிகர் மாதிரி வாடை அடிக்கும், சில கல்லுல கறை விடும், வெளில இருக்கிற ஆணியையும் துரு பிடிக்க வைக்கும்.

உங்க காசை கல்லுக்கு அடியில போடுங்க, அதைத்தான் நான் அழுத்தி சொல்வேன். ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்கு சட்டம், அது மேல 19 எம்எம் ப்ளைவுட், அதுவும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிடபிள்யூபி (கொதி தண்ணியும் தாங்குற வகை) மட்டும், ஐஎஸ் 303 எம்ஆர்னு இருந்தா அது வீட்டுக்குள்ள போடுறது, மழைக்கு பிரிஞ்சிடும். வெட்டின ஓரமெல்லாம் ப்ரைமர் அடிச்சு மூடிடுங்க. ரசமட்டம் வெச்சு பாருங்க, ஒரு இடம் பள்ளமா இருந்து கல்லு அங்க தாங்கல் இல்லாம நின்னா பின்னாடி ஒரு நாள் யாராவது கைய ஊன்றப்போ உடையும்.

கல்லோட அடிப்பக்கத்துல அறுத்த தூள் மாவா ஒட்டியிருக்கும், அதை ஈரத்துணியால துடைச்சு நல்லா காயவிட்டுட்டு, சிலிக்கானை ஒரு ரூபா நாணயம் அளவுக்கு அரை அடிக்கு ஒண்ணுன்னு வெச்சு மெதுவா இறக்குங்க, ஒரு நாள் தொடாதீங்க. தூக்குறப்போ நிக்க வெச்சுதான் தூக்கணும், படுக்க வெச்சு தூக்கினா சொந்த எடைலயே நடுவுல உடைஞ்சிடலாம். ஸ்டூல் போட்டு உக்கார முன்பக்கம் 6 இன்சுக்கு மேல கல்லை நீட்டுறதா இருந்தா அடியில இரும்பு பிராக்கெட் கண்டிப்பா வேணும், கவுண்ட்டரையும் எல் ஆங்கிள் போட்டு கைப்பிடி சுவரோட பிடிச்சிடுங்க, மேல் எடை ஜாஸ்தி, குழந்தைங்க தொங்கினா சாஞ்சிடும்.

கடப்பா வேணாம். அது சுண்ணாம்புக் கல் வகை, எலுமிச்சை சாறு பட்டா வெள்ளையா திட்டு விழும், வெயில்ல கருப்பு வெளுத்துடும். பார்னா எலுமிச்சை இல்லாம இருக்காதே! க்வார்ட்ஸ்னு விக்கிற செயற்கைக் கல்லும் வெளில வேணாம், அதுல இருக்கிற ரெசின் (பிசின்) வெயில்ல மஞ்சளாகும். கிரானைட்லயும் அட்டக்கருப்பு மதியத்துல கை வைக்க முடியாத அளவு சுடும், சாம்பல் இல்லன்னா வெளிர் நிறமா எடுங்க. இல்ல கருப்புதான் வேணும்னா பஞ்சுல அசிட்டோன் தொட்டு தேய்ச்சு பாருங்க, பஞ்சுல கருப்பு ஏறினா சாயம் பூசின கல்லு, வாங்காதீங்க.

கடைல அறுக்கிறப்பவே அடிப்பக்கம் விளிம்புல இருந்து அரை இன்ச் உள்ள தள்ளி ஒரு சின்ன காடி (பள்ளக் கோடு) இழுத்து தரச் சொல்லுங்க, மழைத்தண்ணி அங்கயே சொட்டிடும், மரத்துக்கு போகாது. மோல்டிங் (விளிம்பை உருட்டி தர்றது), காடி, வண்டி கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவுன்னு முன்னாடியே பில்லுல எழுதி வாங்கிடுங்க.