அந்தப் பொம்மை கண்ணை மூடவே மாட்டேங்குதும்மா

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு, வணக்கம்.

எனக்கு 34 வயது. பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். பூர்வீகம் குடியாத்தம் பக்கம். கணவர், மாமியார், ஐந்து வயது மகள், நான் என நாலு பேர். வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறேன்.

ஆறு வருடமாகப் பேய்ப் பொம்மைகள் சேர்க்கிறேன். சவப்பெட்டி வடிவப் பெட்டியில் இறப்புச் சான்றிதழோடு வரும் 'லிவிங் டெட் டால்ஸ்' இரண்டு வைத்திருக்கிறேன். ஆனால் வாங்கி அடுக்குவதைவிட, மாற்றிச் செய்வதில்தான் எனக்கு உயிர். பழைய 'மான்ஸ்டர் ஹை' பொம்மைகளை செகண்ட் ஹேண்டில் வாங்குவேன். அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் கண், புருவம், உதடு எல்லாம் போய் முகம் மொழுமொழுவென்று ஆகிவிடும். அதன்மேல் மேட் ஸ்பிரே, காய்ந்ததும் சாக் பேஸ்டல் தூள், அப்புறம் வாட்டர்கலர் பென்சிலால் நரம்பு நரம்பாகக் கோடு, மறுபடி ஸ்பிரே. இப்படி நாலு அடுக்கு. காற்றில் ஈரம் இருந்தால் ஸ்பிரே வெள்ளை பூத்துவிடும் என்பதால் மழை விடும் நாளுக்காகக் காத்திருப்பேன். பழைய முடியை எடுத்துவிட்டு, சிக்பேட்டையில் வாங்கிய பட்டு நூலை ஊசியில் கோத்து ஒவ்வொரு துளையாக நட்டால் ஒரு தலைக்குப் பத்துப் பன்னிரண்டு ராத்திரி ஆகும். அந்த நேரத்தில் மனசு அவ்வளவு அமைதியாக இருக்கும்.

இப்போது முப்பதுக்கும் மேல் சேர்ந்துவிட்டது. வீடு சின்னது, அதனால் மகள் தூங்கும் அறையில்தான் ஷெல்ஃப். இரண்டு மாதமாக அவள் ராத்திரி எழுந்து அழுகிறாள். "அந்தப் பொம்மை கண்ணை மூடவே மாட்டேங்குதும்மா" என்கிறாள். மாமியார் மந்திரித்துக் கட்ட வேண்டும் என்கிறார். போன வாரம் நான் வெளியே போயிருந்தபோது ஒரு பொம்மையைக் குப்பை ஆட்டோவில் போட்டுவிட்டார். மூன்று வாரம் உட்கார்ந்து செய்தது. அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. கணவரோ, "நல்ல மனசு இருக்கிறவளுக்கு இதில் என்ன ஆசை, டாக்டரைப் பார்" என்கிறார். அதுதான் எல்லாவற்றையும்விட வலிக்கிறது.

நானும் சின்ன வயசில் பயந்தவள்தான். ஊரில் மயானக்கொள்ளைத் திருவிழாவில் அங்காளம்மன் வேஷம் கட்டியவரைப் பார்த்து அலறியிருக்கிறேன். அடுத்த வருஷம் அப்பா என்னை வேஷம் கட்டும் இடத்துக்கே தூக்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் பயந்ததே இல்லை. என் மகள் மட்டும் ஏன் இப்படி? எனக்குத்தான் ஏதாவது கோளாறா?

— அல்சூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது. பேய்ப் பொம்மை பிடிப்பது மனநோய் இல்லை. ஒரு ஆசை கோளாறாகிவிட்டதா என்று பார்க்க நாங்கள் கேட்பது எளிய கேள்விகளைத்தான்: தூக்கம் கெடுகிறதா, வேலை கெடுகிறதா, கடன் ஏறுகிறதா, மனிதர்களை விட்டு விலகுகிறீர்களா? நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. மழை விடும் நாள் பார்த்துக் காத்திருந்து வேலை செய்கிறவரிடம் நான் பொறுமையைத்தான் பார்க்கிறேன். உங்கள் கணவர் சொன்னது உங்களைப் புண்படுத்தியது நியாயம்தான்.

ஆனால் ஷெல்ஃபை இன்றே அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பொம்மைகளைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஹாலில் கதவுள்ள அலமாரியோ, உங்கள் வேலை மேசைக்கு மேலே ஒரு பெட்டியோ போதும். நாலிலிருந்து ஆறு வயது வரை குழந்தைகளுக்குக் கற்பனை வேகமாக வளர்கிறது; எது நிஜம், எது நினைப்பு என்கிற கோடு இன்னும் கெட்டியாகவில்லை. இருட்டில் அது இன்னும் கரைந்துவிடும். அது போக, மனித முகத்துக்கு ரொம்ப நெருக்கமாக வந்து, ஆனால் மனிதராக ஆகாமல் நிற்கிற உருவம் பெரியவர்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். மசாஹிரோ மோரி என்கிற ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் 1970-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். உங்கள் மகள் அதையே அழகாகச் சொல்லிவிட்டாள்: கண்ணை மூடவே மாட்டேங்குது.

அப்புறம், அங்காளம்மன் கதை. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அதை இரண்டு முறை படித்தேன். உங்கள் அப்பா "பயப்படாதே, ஒண்ணுமில்ல" என்று சொல்லி நிறுத்தவில்லை. தெரிந்த மனுஷர் ஒருவர் உட்கார்ந்து முகத்தில் வண்ணம் பூசிக்கொள்வதைக் காட்டினார். இந்தப் பொம்மைகளிடம் உங்களுக்கு ஏன் பயம் இல்லை? மொழுமொழு முகத்திலிருந்து ஒவ்வொரு கோடும் உங்கள் கையால் வந்தது. உங்கள் மகள் பார்ப்பதோ முடிந்த முகத்தை மட்டும். அம்மா ராத்திரியில் செய்வது, காலையில் அலமாரியில் வந்து உட்கார்ந்துகொண்டு முறைக்கிறது. உங்களுக்குக் கிடைத்த அந்த ஒரு நாள் அவளுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு பொம்மையை நீங்களே துடைத்து வையுங்கள். அசிட்டோன், ஸ்பிரே இரண்டும் அவள் இல்லாத நேரத்தில், ஜன்னலைத் திறந்து, நீங்களும் நல்ல மாஸ்க் போட்டுக்கொண்டு. வாடை முழுசாகப் போன பிறகு அந்த வெறும் முகத்தைப் பகல் நேரத்தில் அவள் முன்னால் வையுங்கள். "இதுக்குக் கண்ணே இல்லையே, என்ன பண்ணலாம்?" என்று கேளுங்கள். பென்சில் அவள் கையில் இருக்கட்டும். மூடிய கண் வரைந்தால் வரையட்டும், பூனை மீசை போட்டாலும் சரி. திருத்தாதீர்கள். "எனக்கு வேண்டாம்" என்று எழுந்து போனால் விட்டுவிடுங்கள். வலிய உட்கார வைத்தால் பயம் கூடும்.

ஒரு மாதம் போன பிறகும் தூக்கம் சரியாகவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறாள், பகலிலும் உங்களை விடாமல் ஒட்டிக்கொள்கிறாள் என்றால் குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள். உங்கள் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. முதலில் போனில் பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416.

இனி மாமியார். கேட்காமல் பொம்மையை எறிந்தது தவறு. அதை அவரிடம் சொல்லுங்கள், கோபம் ஆறிய ஒரு சாயங்காலம்: "அத்தை, அது மூணு வாரம் செஞ்சது, எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது" என்று. ஆனால் அவர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். கட்டி முடியாத வீட்டு வாசலில் கோரைப் பல்லோடு தொங்கும் திருஷ்டி பொம்மையை அவர் ஆயிரம் பார்த்திருப்பார், பயந்திருக்க மாட்டார். அது வாசலுக்கு வெளியே நின்று உள்ளே இருப்பவர்களைக் காக்கிறது. உங்களுடையது உள்ளே, பேத்தியின் தலைமாட்டில் இருக்கிறது. குழந்தை ராத்திரியில் அழ, அவருக்குத் தெரிந்த வழியில் காப்பாற்றப் பார்த்தார். அலமாரி இடம் மாறினாலே அவர் மனசில் பாதி பாரம் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

கணவரிடம் விளக்கம் எதுவும் கொடுக்க வேண்டாம். ஒரு ராத்திரி நீங்கள் முடி நடும்போது பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்லுங்கள். மகள் வரைந்த முகம் எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.