சீருடை போட்டாலே மாவீரரா?

கேள்வி: என் தம்பி 20 வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறான். பாராட்டு விழா பேனரில் ‘மாவீரர்’ என்று போட்டுவிட்டார்கள். “நான் ஸ்டோர்ல கணக்குப் பாத்தவன்க்கா” என்று கூசுகிறான். படையில் பணியாற்றினாலே மாவீரர்தானா?
- வாசகி, காட்பாடி

பதில்: இல்லை. தம்பி சரியாகத்தான் சொல்கிறார். இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் சொல்வழக்கு. ‘சிப்பாய்’ மரியாதைக் குறைவாகப் படுவதால் எல்லோரையும் ‘ராணுவ வீரர்’ என்கிறோம். பந்து வீசுகிறவரும் கிரிக்கெட் வீரர்தான். அங்கெல்லாம் அந்தச் சொல் தொழிலைக் குறிக்கிறது, செயலை அல்ல.

ராணுவம் இரண்டையும் கலப்பதில்லை. 9, 20, 30 ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு நீண்ட சேவைப் பதக்கங்கள் உண்டு. சியாச்சின் பனியில் இருந்தவர்களுக்குத் தனிப் பதக்கம். இவை உழைப்புக்கும் பட்ட சிரமத்துக்கும் தருபவை. வீரதீரப் பதக்கங்கள் வேறு. எதிரியின் முன்னிலையில் காட்டிய துணிவுக்குப் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா. மற்றபடி அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. சுதந்திரத்துக்குப் பின் பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் 21 பேர்தான். அதில் 14 பேருக்கு இறந்த பிறகே கிடைத்தது.

நேரில் கண்டவர்களின் வாக்குமூலம்தான் இதற்கு அடிப்படை. எந்த நாள், எந்த இடம், என்ன செய்தார் என்று எழுதி கமாண்டிங் ஆபீசர் பரிந்துரைக்க வேண்டும். அது பல படி ஏறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ‘கடமை தவறாதவர்’ என்ற பொதுப் பாராட்டு அங்கே எடுபடாது. கூட இருந்த அத்தனை பேரும் இறந்துவிட்டால் சொல்ல ஆளில்லாமல் போகும். பதக்கம் கிடைக்காத வீரம் இப்படியும் உண்டு. பெயர்க் குழப்பமும் நேர்ந்திருக்கிறது. 1999-ல் கார்கிலின் டைகர் ஹில்லில் போரிட்ட யோகேந்திர சிங் யாதவுக்கு அப்போது வயது 19. பரம்வீர் சக்ராவை ‘மறைவுக்குப் பின்’ என்றே முதலில் அறிவித்தார்கள். அவரோ ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். இறந்தவர் அதே பெயருள்ள வேறொருவர்.

தம்பியின் வேலை சின்ன வேலையல்ல. ஸ்டோர் கணக்கு பிசகினால் எல்லையில் நிற்பவருக்குத் தோட்டா போய்ச் சேராது. பேனரில் அவர் பெயர், ரெஜிமென்ட், பணியாற்றிய ஆண்டுகளைப் போடுங்கள். ‘மாவீரர்’ என்று தூக்கி வைத்தால், பயந்ததையும் ராத்திரி தூக்கம் வராததையும் அவர் யாரிடமும் சொல்ல முடியாமல் போய்விடும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

கேள்வி: ராணுவத்தில் இல்லாதவருக்கு இந்தப் பதக்கம் உண்டா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: அசோக சக்ரா உண்டு. 1986 செப்டம்பர் 5-ல் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காப்பாற்றி உயிர்விட்ட பணிப்பெண் நீரஜா பனோட்டுக்குக் கொடுத்தார்கள். வயது 22.

கேள்வி: பழந்தமிழர் யாரை வீரர் என்றார்கள்?
- வாசகர், செங்கம்

பதில்: உங்கள் வட்டார நடுகற்களையே பாருங்கள். படைக்குப் போன எல்லோருக்கும் கல் நடவில்லை. ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர், ஊரைக் காத்துச் செத்தவர் என்று செயலைச் சொல்லித்தான் நட்டார்கள். எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்றில் கருந்தேவக்கத்தி என்ற வீரரோடு அவருடைய நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்ததென்று அதற்கும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.