குப்பி மேல சின்ன எழுத்துல என்னா எழுதியிருக்கு?

கேள்வி: குலசேகரம் பக்கத்துல ஒரு ஏக்கர் ரப்பர் நிக்கிது, நாங்களே பால் வெட்டி ஷீட் அடிச்சு விக்கிறோம். வழக்கமா வாங்குற கடையில பாலை உறைய வைக்கிற ஆசிட் தீந்து போச்சுன்னு வேற கடையில வாங்குனேன், விலை பாதிக்குப் பாதி. குப்பியில லேபிளே கிடையாது, மார்க்கர் பேனாவுல ‘ரப்பர் ஆசிட்’னு எழுதியிருக்கு. ரெண்டு வாரமா ஷீட்டு பிசுபிசுன்னு இருக்கு, யாவாரி கிரேடு குறைச்சுதான் எடுக்காரு. ஆசிட் கடையில போய் கேட்டா "எல்லாம் ஒரே ஆசிட்தான் அண்ணே"ங்கான்.

பதில்: ஒரே ஆசிட் கிடையாது அண்ணே. ‘ரப்பர் ஆசிட்’னு ஒரு சாமானே உலகத்துல இல்ல, அது நாம கூப்புடுற பேரு. நீங்க கேட்டு வாங்க வேண்டியது பார்மிக் ஆசிட். எறும்புக்கு லத்தீன்ல பார்மிகா, முதல்ல எறும்புல இருந்துதான் எடுத்தாங்க, அதனால அந்தப் பேரு. பெரும்பாலும் 85 சதவீதம்னு போட்டு வரும். விலை குறையணும்னு சில கடையில இதுக்குப் பதிலா சல்பூரிக் ஆசிட்ட ஊத்திக் குடுக்காங்க. அதுலயும் பால் உறையத்தான் செய்யும், ஊத்துன அன்னைக்கு உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா பார்மிக்கு, ஷீட்ட கழுவி காயப் போடும்போது மிச்சம் மீதி இருந்தாலும் ஆவியா போயிரும், சல்பூரிக்கு அப்படி போவாது, ஷீட்டுக்குள்ளயே இருந்து ரப்பரைக் கெடுக்கும், போதாக்குறைக்கு ஷீட் அடிக்கிற ரோலரையும் அரிக்கும்.

பாக்க எப்படின்னா, ஒரு லிட்டர் குப்பிய தராசுல வைங்க. 85 சதவீத பார்மிக் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 1.2 கிலோ வரும். தண்ணி சேராத சல்பூரிக்குன்னா 1.8 கிலோ, எண்ணெய் மாதிரி கொழகொழன்னு இறங்கும், கையில தூக்கும்போதே தெரிஞ்சிரும். பேட்டரிக்கு ஊத்துறதக் கலந்து வச்சிருந்தா எடை ஏமாத்திரும், அது 1.28 தான் வரும். ஆனா வாசனை ஏமாத்தாது, பார்மிக் மூடியத் தொறந்த உடனே மூக்க எரிக்கும், சல்பூரிக்குக்கு வாசனையே கிடையாது. அதுக்குன்னு குப்பி வாயில மூக்க வச்சிராதீங்க, தள்ளி நின்னு கையால விசிறிப் பாத்தா போதும்.

ஷீட்டு ஒட்டுறதுக்கு இது மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்லல, மழை நேரத்துல ஷீட்ட காய வைக்க புகை சரியா போடாட்டாலும் ஒட்டும். ஒரே நாள் பாலை ரெண்டு டிஷ்ஷுல ஊத்தி, ஒண்ணுல லேபிள் உள்ள பார்மிக், இன்னொண்ணுல இந்தக் குப்பி, அப்படி உறைய வச்சுப் பாருங்க, பதில் அதுலயே கெடைக்கும். கலக்கும்போது தண்ணியில ஆசிட்ட ஊத்துங்க, ஆசிட்ல தண்ணிய ஊத்தவே கூடாது. சல்பூரிக்கா இருந்தா கொதிச்சு மூஞ்சில தெறிக்கும்.

பில்லு வாங்குனீங்களான்னு எழுதவே இல்லியே? பில்லு இருந்தா 1915க்கு போன் பண்ணி புகார் பதியலாம், நுகர்வோர் கமிஷனுக்குப் போறதா இருந்தா ரெண்டு வருசம் டைம் இருக்கு, 5 லட்சம் வரைக்கும் பீஸ் கிடையாது. பில்லு இல்லன்னா குப்பியத் தூரப் போடாதீங்க, மார்க்கர் எழுத்தோட போட்டோ எடுத்து வைங்க. ஆசிட்ட சில்லறையா விக்க ரிஜிஸ்டர் வைக்கணும், வாங்குறவங்க அடையாள அட்டையப் பாக்கணும்னு 2013லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. அவன் ரிஜிஸ்டர் வச்சிருக்கானான்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க, மீதிய அவனே பேசுவான்.

கேள்வி: வீட்டுக் கிணத்துல வெள்ளம் (தண்ணி) கலங்கிக் கெடக்குது, பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லுதாங்க. எவ்வளவு வாங்க, எவ்வளவு போட? போன தடவை போட்டும் ஒரு வாசனையும் வரல. – இரணியல்ல இருந்து ஒரு அக்கா

பதில்: வாசனை வரலன்னா பவுடர் செத்துப் போயிருக்கலாம் அக்கா. நானும் இப்படி ஒருக்க ஏமாந்திருக்கேன், கடையில சாக்கத் தொறந்து போட்டு கிலோக் கணக்குல அள்ளிக் குடுத்தாரு, வீட்டுல வந்து பாத்தா வெறும் சுண்ணாம்பு. நல்ல பவுடர்ல 33 சதவீதம் கிட்ட குளோரின் இருக்கும், காத்தும் ஈரமும் பட்டா அது கொஞ்சம் கொஞ்சமா பறந்துரும். அதனால சீல் போட்ட பாக்கெட்டு, தயாரிச்ச மாசம் பாத்து, சின்னதா வாங்குங்க.

அளவு, ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம். உங்க கிணறு குறுக்கால 2 மீட்டர், வெள்ளம் 3 மீட்டர் ஆழம்னு வைங்க, 9,400 லிட்டர் வரும், சுமார் 24 கிராம் போதும். நம்ம ஆளுங்க அரைக் கிலோ பாக்கெட்ட அப்படியே கவுத்திட்டு, பொறவு குளிச்சா கண்ணு எரியுதும்பாங்க. வாளியில பவுடரப் போட்டு கொஞ்சம் தண்ணி விட்டு நல்லா குழைச்சு, முக்கா வாளி தண்ணி ஊத்திக் கலக்கி, ஒரு பத்து நிமிசம் வைங்க. சுண்ணாம்பு அடியில தங்கிரும். மேல தெளிஞ்சத மட்டும் வேற வாளியில எடுத்து கயித்துல இறக்கி வெள்ளத்துக்குள்ள முக்கி முக்கி ஆட்டுங்க. அடியில உள்ள சுண்ணாம்ப கிணத்துல தட்டாதீங்க, வெள்ளம் கடுத்துப் போவும். ராத்திரி போட்டா காலைல எடுக்கலாம், கொறஞ்சது ஒரு மணி நேரமாவது விடணும். ஆனா கலங்கலா இருக்கும்போது போட்டா குளோரின் அழுக்கோடயே தீந்துரும், மொதல்ல தெளிய விடுங்க.

ஒண்ணு முக்கியம், மிச்சப் பவுடர கக்கூஸ் கழுவுற ஆசிட் பக்கத்துல வைக்காதீங்க. அந்த ஆசிட்டு ஹைட்ரோகுளோரிக், ரெண்டும் சேந்தா குளோரின் வாயு கிளம்பும், கதவு சாத்துன பாத்ரூம்ல அது ஆளையே சாச்சிரும். நல்லா வெளுக்கட்டும்னு ரெண்டையும் சேத்து ஊத்துறவங்க இருக்காங்க, நம்ப மாட்டீங்க.

கேள்வி: மவ அமெரிக்காவுல நர்ஸ். லீவுக்கு வந்தப்போ அசிட்டாமினோஃபென்னு ஒரு டப்பா மாத்திரை குடுத்துட்டுப் போனா. இங்க டாக்டர் பாரசிட்டமால் எழுதிருக்காரு. ரெண்டையும் மாத்தி மாத்திப் போடலாமா?

பதில்: ரெண்டும் ஒண்ணேதாம்மா! ஒரே நீளப் பேர ஆளுக்கொரு விதமா வெட்டியிருக்காங்க, பாரா-அசிட்டைல்-அமினோ-பீனால்ங்கிறதுல இருந்து இங்க உள்ளவங்க பாரசிட்டமால்னு எடுத்தாங்க, அமெரிக்காக்காரங்க அசிட்டாமினோஃபென்னு எடுத்தாங்க. வேற மருந்துன்னு நெனச்சு ரெண்டையும் போட்டா டபுள் டோஸ், ஈரலத்தான் அடிக்கும். பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு எல்லாம் சேத்து 4 கிராமுக்கு மேல கூடாது, ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தா அதுவே ஜாஸ்தி. சளி மாத்திரை நெறையவற்றுலயும் இது ஒளிஞ்சிருக்கும், அட்டையத் திருப்பிப் பாருங்க. இதே மாதிரி அங்க அல்புட்டெரால்னு வர்ற இன்ஹேலர் இங்க சால்புட்டமால்.

கேள்வி: ஆப்பசோடாவும் துணி சோடாவும் ஒண்ணா? மளிகைக் கடையில ரெண்டும் பொட்டலமாத்தான் கெடைக்குது.

பதில்: இல்ல. ஆப்பத்துக்கு சோடியம் பைகார்பனேட், துணிக்கு சோடியம் கார்பனேட். அந்த ‘பை’ இல்லாதது வாய், தொண்டை எல்லாம் புண்ணாக்கும். பொட்டலம் வேண்டாம், பேர் அச்சடிச்ச பாக்கெட்டா வாங்குங்க.

கேள்வி: மட்டி வாழை நட்டுருக்கேன். கூன்வண்டுக்கு ‘பழைய ஸ்டாக்கு, நல்லா கேக்கும்’னு சொல்லி ஒரு குருணை மருந்து தாறேங்காரு கடைக்காரர். போரேட்னு எழுதியிருக்கு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். போரேட்ட 2020 டிசம்பர் 31ல இருந்து இந்தியா முழுக்கத் தடை பண்ணியாச்சு, இப்ப அத விக்கிறதே தப்பு. டப்பாவுல முக்கோணம் சிவப்பா இருக்கும் பாருங்க, மண்டையோடும் இருக்கும், விஷ அளவக் காட்டுற நாலு நெறத்துல அதுதான் கொடுமையானது. சிவப்புக்கு அடுத்து மஞ்சள், நீலம், கடைசில பச்சை. பச்சைன்னா விஷமே இல்லன்னு அர்த்தமில்ல, கம்மி, அவ்வளவுதான். வண்டு விழுந்த கன்ன ஒண்ணத் தோண்டி எடுத்துட்டு வேளாண்மை ஆபீசுக்குப் போங்க, என்ன மருந்துன்னு பேர எழுதி வாங்கிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. அந்த பழைய ஸ்டாக்கு டப்பா எந்தக் கடையில இருக்குன்னு அங்கயே சொல்லிட்டும் வந்துருங்க.